ஊர் குளிர வேண்டும் என்று கேட்டோம்

வாழைச்சேனை எங்கே முடிகிறது, ஓட்டமாவடி எங்கே தொடங்குகிறது என்று வெளியூரார் கேட்டால் நமக்கே சொல்லத் தடுமாற்றமாக இருக்கும். கடைத்தெரு தொடர்ந்தே போகிறது. கோயில் மணி கேட்கும் இடத்திலிருந்து கொஞ்சத் தூரம் நடந்தால் பாங்கு கேட்கிறது. துணி எடுக்கவும் சீமெந்து வாங்கவும் மோட்டார் சைக்கிள் திருத்தவும் நாம் அங்கே போகிறோம். மீனுக்கும் மரக்கறிக்கும் தயிருக்கும் அங்குள்ள முஸ்லிம்கள் இந்தப் பக்கம் வருகிறார்கள். மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்ற பேச்சு, மேடை கிடைத்தால் நம் வாயில் முதலில் வருவது. அதைச் சொல்லிச் சொல்லிப் பழகிய நாம், 2020 ஏப்ரல் தொடக்கம் 2021 பெப்ரவரி வரை, பக்கத்து வீட்டுச் சாவுகளுக்கு என்ன செய்தோம் என்பதை மட்டும் பேசுவதில்லை. கோயில் கூட்டத்தில் பேசவில்லை, பங்குச் சபையில் பேசவில்லை, வீட்டுத் திண்ணையிலும் பேசவில்லை. அதைத்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொரோனாவில் இறந்த முதல் முஸ்லிமின் உடல் 2020 மார்ச் கடைசியில் நீர்கொழும்பில் எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11ஆம் திகதி வந்த வர்த்தமானி, இந்த நோயால் இறந்த எவரையும் எரிக்கத்தான் வேண்டும் என்று கட்டளையிட்டது. புதைக்கலாம், எரிக்கலாம், இரண்டாலும் ஆபத்தில்லை என்று உலக சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. இங்கே நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்று காரணம் சொன்னார்கள். எதிர்த்துப் போடப்பட்ட மனுக்களை உயர் நீதிமன்றம் டிசம்பர் 1ஆம் திகதி விசாரணைக்கு எடுக்காமலே தள்ளியது. டிசம்பர் 9ஆம் திகதி, பிறந்து இருபது நாளே ஆன ஒரு குழந்தையைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் கொழும்பில் எரித்தார்கள். 2021 பெப்ரவரி 25இல் வர்த்தமானி மாற்றப்பட்டது. புதைக்கும் இடம் முதலில் இரணைதீவு என்றார்கள். 1992இல் இடம்பெயர்ந்து, 2018இல்தான் தங்கள் தீவுக்குத் திரும்பியிருந்த மீனவக் குடும்பங்கள் அங்கே மறித்து நின்றன. பிறகு நம் ஓட்டமாவடிக்கு வந்தது. மார்ச் 5ஆம் திகதி சூடுபத்தினசேனை மஜ்மா நகரில் முதல் குழிகள் தோண்டப்பட்டன.

அரசு செய்ததைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். நமக்கு அதில் ஒளிந்துகொள்ளும் வசதி ஒன்று இருந்தது. அரசைத் திட்டிவிட்டால் நம் கடமை முடிந்ததாக நினைத்துக்கொள்ளலாம். ஆகவே அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு நம் முற்றத்தைப் பார்ப்போம்.

ஒரு முஸ்லிம் வீட்டில் சாவு என்றால் நடக்கவேண்டியவை நமக்குத் தெரியாதவை இல்லை. எத்தனையோ தடவை வாசலில் போய் நின்றிருக்கிறோம். மையத்தை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டுவார்கள். தைக்காத வெள்ளைத் துணியில் கபன் இடுவார்கள். எல்லோரும் வரிசையாக நின்று, குனியாமல், நின்றபடியே ஜனாஸாத் தொழுகை தொழுவார்கள். குழியில் கிப்லாவுக்கு முகம் பார்க்கக் கிடத்துவார்கள். வந்தவர்கள் ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்கள். செல்வந்தனுக்கும் கூலிக்காரனுக்கும் இதுதான். வாழ்நாளெல்லாம் இந்த முடிவை நம்பி வாழ்ந்த ஒரு மூதாட்டிக்கு, காய்ச்சல் வந்து தொண்டை நோகும்போது, நோயைவிட நெருப்பு பெரிய பயமாக இருந்தது. வைத்தியசாலைக்குப் போனால் உடலை எரித்துவிடுவார்கள் என்று அஞ்சி வீட்டிலேயே ஒடுங்கிக் கிடந்தவர்கள் இருந்தார்கள். உயிர் பிழைக்கவேண்டும் என்ற வேண்டுதலோடு இன்னொன்றும் அவர்கள் தொழுகை விரிப்பில் இருந்தது. செத்தாலும் தன் நம்பிக்கையின்படி சாக விடு என்பதுதான் அது. உயிரே ஊசலாடும் நேரத்தில் ஒரு மனிதர் தன் இறைவனிடம் கேட்கக்கூடிய ஆன்ம விடுதலை அதைவிட வேறென்ன இருக்க முடியும்?

அந்த டிசம்பரில் நம் பள்ளிக்கூட ஓய்வறையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மேல் மாகாணத்துக்கு வெளியே பாடசாலைகள் திறந்திருந்த நேரம். எங்களோடு படிப்பித்த ஓட்டமாவடி ஆசிரியர் ஒருவர் இரண்டு நாள் வராமல் இருந்து வந்தார். முகக்கவசத்துக்கு மேல் கண் இரண்டும் சிவந்திருந்தன. "என்ன சேர், சுகமில்லையா?" என்று கேட்டோம். "கொழும்பில மாமா மவுத்தாப் பெய்த்தார், சேர். எரிச்சுப்போட்டாங்கள்" என்றார். யாரும் பேசவில்லை. மேசையில் திருத்தாத கொப்பிகள் கிடந்தன. அவரே மறுபடி சொன்னார்: "நீங்களும் உங்கட சாமியிட்ட ஒருக்காச் சொல்லுங்க, சேர். எங்கட ஆக்களை மண்ணுக்குக் குடுக்க விடச்சொல்லி." அரசியல் பேசவில்லை அவர். மனுவில் கையெழுத்துக் கேட்கவில்லை, ஊர்வலத்துக்கு அழைக்கவில்லை. ஒரு பிரார்த்தனை கேட்டார். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒருவர் சோக்குப் பெட்டியைத் தேடினார். மணி அடித்தது, வகுப்புக்குப் போனோம். அன்று மாலை நம்மில் யாரும் கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ போய் அந்த ஒரு வரியைச் சொல்லவில்லை.

அந்த வருடம் நாம் பிரார்த்திக்காமல் இருக்கவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. ஒருபோதும் இல்லாத அளவுக்குப் பிரார்த்தித்தோம். கோயில் கதவு சாத்தியிருந்தபோது வீட்டு வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலை கட்டினோம். கிறிஸ்தவ வீடுகளில் கைபேசியைச் சுவரில் சாய்த்து வைத்து முழந்தாளிட்டுப் பூசை கண்டார்கள். வைகாசி வந்தது. மட்டக்களப்பில் வைகாசி என்றால் கண்ணகி அம்மன் சடங்கு. வருடம் முழுவதும் சாத்திக் கிடக்கும் கோயில்களின் கதவு திறக்கும். செட்டிபாளையம் போன்ற ஊர்களில் சனம் நிற்க இடமிருக்காது. அந்த வருடம் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரோடு சடங்கை முடித்தார்கள். கடைசியில் குளிர்த்தி பாடினார்கள். அம்மை, கொள்ளை நோய், வெக்கை எல்லாம் தணிந்து ஊர் குளிர வேண்டும் என்று அம்மனைக் கேட்கும் சடங்கு அது. வீட்டிலிருந்தபடியே நாமும் கைகூப்பினோம்.

ஊர் குளிர வேண்டும் என்று கேட்டோமே, அந்த ஊரில் ஓட்டமாவடி இருந்ததா? காத்தான்குடி இருந்ததா? ஏறாவூர் இருந்ததா? கண்ணகி யார் என்பது நமக்குத் தெரியும். அநியாயமாக வெட்டப்பட்ட ஒருவனுக்காக நீதி கேட்டு அரசனின் சபை வரைக்கும் தனியாகப் போனவள். அவளுக்குப் பொங்கல் வைத்து, அவள் கோபம் தணியப் பாட்டுப் பாடுகிற நாம், அடுத்த தெருவில் ஒரு தாய் தன் பிள்ளையின் உடலுக்காகக் கையேந்தியபோது, அது வேறு சாமியின் விவகாரம் என்று இருந்துவிட்டோம். நம் வேண்டுதலுக்கு நாமே வேலி போட்டோம். யாரும் போடச் சொல்லவில்லை.

மண்ணுக்குக் கொடுப்பது என்பது முஸ்லிம்களுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நாம் சொல்லிக்கொண்டதும் உண்மையில்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நம்மவர்களில் பலர் புதைக்கிறவர்கள்தான். குழந்தை இறந்தால் சைவர்கள் எரிப்பதில்லை. வீரசைவர்கள் புதைக்கிறார்கள். கிறிஸ்தவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்தப் பத்து மாதத்தில் நம் ஆட்களுக்கும் அதே நெருப்புத்தான் கட்டாயமாக்கப்பட்டது. நாம் வாய் திறக்கவில்லை. "எல்லாரையும்தானே எரிக்கிறாங்கள், சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதானே" என்று சொல்லி அடங்கிவிட்டோம். நமக்குச் சொந்தமான உரிமையையே கேட்கச் சோம்பல்பட்ட நாம் மற்றவனுக்காக எப்படிக் கேட்டிருப்போம் என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் ஒரு சாட்டுத்தான்.

2020 நவம்பர் 27ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் வடக்குக் கிழக்கில் பல நீதிமன்றங்கள் மாவீரர் நாள் நினைவேந்தலுக்குத் தடை போட்டிருந்தன. ஓட்டமாவடிக்கு அடுத்திருக்கும் கிரான் பிரதேசத்தில்தான் தரவைத் துயிலும் இல்லம் இருக்கிறது. கல்லறைகள் உடைத்து நொறுக்கப்பட்ட அந்தக் காணியில் ஒரு விளக்கு வைக்க விடுகிறார்கள் இல்லையே என்று அன்று எத்தனை தாய்மார் வீட்டுக்குள் அழுதார்கள். பெற்ற பிள்ளையை நினைத்து அழுவதற்கும் அனுமதி கேட்க வேண்டுமா என்று நாம் கொதித்தோம். நியாயமான கொதிப்பு. சரியாக நாலாம் நாள், டிசம்பர் 1ஆம் திகதி, முஸ்லிம்களின் மனுக்கள் தள்ளுபடியாயின. இரண்டையும் நாம் ஒன்றுசேர்த்துப் பார்க்கவில்லை. இறந்தவர்களை மறுத்துவிட்டால் இருப்பவர்களின் மனம் எப்படி நொறுங்கும் என்பதை இலங்கையில் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. அறிந்திருந்தும் அந்த அறிவை நம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்தோம்.

டிசம்பரில் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகள் கட்டப்பட்டன. கபன் துணி. எரிக்கப்பட்ட அந்தக் குழந்தைக்காக ஆள்மாறி ஆள் வந்து ஒரு முழம், அரை முழம் கிழித்துக் கட்டிவிட்டுப் போனார்கள். கட்டியவர்களில் சிங்களவர்களும் இருந்தார்கள், தமிழர்களும் இருந்தார்கள். இரவோடிரவாகத் துணிகளை யாரோ அகற்றிவிட, மறுபடி கட்டினார்கள். அந்தப் படம் நம் கைபேசிக்கும் வந்தது. கம்பிக்குக் கம்பி வெள்ளை முடிச்சு. பார்த்தோம், பாவம் என்றோம், பெருவிரலால் மேலே தள்ளிவிட்டு அடுத்ததைப் பார்த்தோம். நம் ஊரிலும் வேலிகள் இருந்தன. வெள்ளை வேட்டி இல்லாத வீடு ஏது?

ஏன் அப்படி இருந்தோம் என்று கேட்டுக்கொள்ளும்போது பழைய கணக்குகள் எழும்பி வருகின்றன. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு வகுப்புக்குப் போன பிள்ளைகள் சிதறியதை யாரும் மறக்க முடியாது. மறக்கவும் கூடாது. ஆனால் அந்தத் துக்கத்தை எடுத்துக்கொண்டு போய், அதோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு கிழவியின் கபனை நிறுத்துப் பார்த்தோம். முஸ்லிம் கடைக்குப் போகாதே என்று அந்த மாதங்களில் நமக்குள் ஓடிய பேச்சு ஒரு வருடம் கழித்தும் நம் மனதின் அடியில் கிடந்தது. 2002 ஜூனில் வாழைச்சேனையில் கலவரம் நடந்தபோது எரிந்த கடைகளையும் மூடிய வீதிகளையும் இன்னும் சொல்லிக் காட்டுகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். ஊர்காவல் படை நம் கிராமங்களில் செய்தவையும் பொய்யில்லை. முஸ்லிம்களின் பக்கக் கணக்கை அவர்களே எழுதட்டும். அதை அவர்களுக்குப் பதிலாக நாம் எழுதிக்கொடுப்பது முறையில்லை.

நம் பக்கக் கணக்கில் 1990 இருக்கிறது. ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். தொழுகையில் நின்றவர்களின் முதுகில் சுட்டது நம் பெயரால் போராடியவர்கள். அதே வருடம் அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் முழுவதுமாக வெளியேற்றப்பட்டார்கள். "இயக்கம் செய்தது, நாங்கள் என்ன செய்யிறது" என்று அன்று சொன்னோம். பயம் இருந்தது, அது உண்மை. பயம் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆன பிறகும் அதே வாக்கியத்தைத்தான் சொல்கிறோம். 2020இல் "அரசாங்கம் செய்யுது, நாங்கள் என்ன செய்யிறது" என்றோம். ஆளை மாற்றி அதே வாக்கியம். தொழுகை என்பது மனிதன் எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் இடம். அங்கே நிற்பவனை நாம் இரண்டு தடவை தனியே விட்டுவிட்டோம்.

எல்லோரும் இப்படி இருந்தோம் என்று சொன்னால் சிலருக்கு அநியாயம் செய்ததாகும். உயர் நீதிமன்றத்தில் அந்த மனுக்களுக்காகத் தோன்றியவர்களில் சுமந்திரன் போன்ற தமிழ்ச் சட்டத்தரணிகள் இருந்தார்கள். நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர்கள் சிலர் பேசினார்கள். 2021 பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியில் கட்டாய எரிப்பை நிறுத்து என்பதும் ஒரு கோரிக்கை. கிழக்கு நெடுக முஸ்லிம்கள் வந்து சேர்ந்தார்கள். தண்ணீர்ப் போத்தல் கொடுத்தார்கள். வேட்டியும் தொப்பியும் ஒரே வெயிலில் நடந்ததைக் கண்டு கண் கலங்கியவர்கள் உண்டு. அந்த நாட்கள் நல்ல நாட்கள். ஆனால் அதற்குள் முதல் வர்த்தமானி வந்து பத்து மாதம் ஆகிவிட்டது. நம்மவர் சிலர் பேசிய காரணத்தாலேயே மற்றவர்கள் நாம் பேசாதிருக்கலாம் என்று ஆறுதல்பட்டுக்கொண்டோம். பேரணி நம் வீதியால் போன அன்று சேர்ந்து நடந்துவிட்டு, மறுநாள் அலுவலகம் போனோம்.

மார்ச் 5க்குப் பிறகு நடந்தவை நம் கண் முன்னாலேயே நடந்தன. கொழும்பிலிருந்து ஏறத்தாழ முந்நூறு கிலோமீற்றர். கண்டியிலிருந்தும் காலியிலிருந்தும் வந்தார்கள். பொலன்னறுவைப் பக்கமிருந்து இரவும் பகலும் வாகனங்கள் சவப்பெட்டியோடு வந்துகொண்டிருந்தன. பெக்கோ இயந்திரம் வரிசையாகக் குழி வெட்டும். வெள்ளை அங்கி போட்டவர்கள் பெட்டியை இறக்குவார்கள். கூட வந்த ஓரிருவர் தள்ளி நின்று ஜனாஸாத் தொழுவார்கள். தலைமாட்டில் ஓர் இலக்கம் நடப்படும். அவ்வளவுதான். வந்த வாகனத்திலேயே திரும்பிப் போவார்கள். நாட்டின் மறுகரையிலிருந்து வந்த அந்த அந்நியர்களுக்கு ஒரு வாய் தேநீர் கொடுத்தவர்கள், இரா நேரம் வழிகாட்டியவர்கள், பெயர் தெரியாத மையத்துக்காகத் தொழுகை வரிசையில் போய் நின்றவர்கள் எல்லாம் ஓட்டமாவடியைச் சேர்ந்த சாதாரணச் சனம். மஜ்மா நகர் வசதியான ஊரில்லை. யானைப் பயத்தோடு இராக் காக்கும் ஏழைக் குடியிருப்பு அது. அங்குள்ள சிலர் தங்கள் காணி மையவாடிக்குள் போனதாகவும் மாற்றுக் காணிக்கு அலைவதாகவும் சொல்லி வருகிறார்கள். அந்த ஒரு வருடம் நாம் அந்தப் பக்கம் போகவே பயந்தோம். நோய் தொற்றிவிடும் என்றோம். நோயின் பயம் நீங்கிய பிறகும் போகவில்லை.

2022 மார்ச் 5ஆம் திகதியோடு, எங்கும் அடக்கலாம் என்று ஆனது. அதுவரையில் அங்கே அடக்கப்பட்டவர்கள் 3,634 பேர். முஸ்லிம்கள் 2,992. பௌத்தர்கள் 287. இந்துக்கள் 270. கிறிஸ்தவர்கள் 85.

அந்தக் கடைசி மூன்று எண்களும் அப்போது நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவில்லை. மண்ணுக்குக் கொடுக்கப்பட்ட அந்த 642 முஸ்லிமல்லாதவர்களுக்கும் இடம் தந்தது ஓட்டமாவடிதான். முஸ்லிம்கள் தங்களுக்காகக் கேட்டுப் போராடிப் பெற்ற நிலத்தில் நம்மவர்களும் கிடக்கிறார்கள். அவர்களுக்குக் கதவு திறக்கும்போது நமக்கும் திறந்தது. அவர்களுக்குச் சாத்தியிருந்தபோது நாம் தட்டவில்லை. எட்டாம் நாள் படைக்கும்போதும் முப்பத்தோராம் நாள் கிரியை செய்யும்போதும் எத்தனை நுணுக்கம் பார்க்கிறோம், வாழையிலை எந்தப் பக்கம் போடுவது என்றுகூடப் பார்க்கிறோம். நவம்பர் 2ஆம் திகதி கிறிஸ்தவ உறவுகள் கல்லறைக்கு மெழுகுதிரியும் பூவும் கொண்டுபோகத் தவறுவதில்லை. பக்கத்தில் இருக்கும் நம் கோயில்களிலிருந்தும் தேவாலயங்களிலிருந்தும் மஜ்மா நகருக்கு ஒரு வான் பிடித்துப் போய், அந்த 270 பேருக்கும் 85 பேருக்கும் ஒரு தேவாரம், ஒரு செபம் சொல்லிவிட்டு வரலாம் என்று நமக்குத் தோன்றவேயில்லை. அவர்களின் உறவினர்கள் எங்கோ மலையகத்திலோ கொழும்பிலோ இருக்கலாம். நினைத்தவுடன் வர முடியாது. நாம் இங்கேயே இருக்கிறோம்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. எரிக்கப்பட்டவர்களில் 276 பேர் முஸ்லிம்கள் என்றும் அப்போது சொல்லப்பட்டது. புதைப்பதால் தண்ணீர் கெடவில்லை என்று ஆய்வுகளும் வந்துவிட்டன. பத்திரிகையில் படித்தோம். சரி, முடிந்தது என்று மடித்து வைத்தோம். அரசு தன் தவறுக்குக் கேட்ட மன்னிப்பில் நம் மௌனத்துக்கு இடமில்லை. அந்த மன்னிப்பை வேறு யாரும் நமக்காகக் கேட்க முடியாது.

அந்த ஆசிரியர் நண்பர் பிற்பாடு ஒரு நாள், பேச்சுவாக்கில், ஜனாஸாத் தொழுகை ஒரு பர்ழு கிஃபாயா என்று விளக்கினார். ஊரில் ஒரு சிலர் அதை நிறைவேற்றினால் எல்லோர் மேலும் உள்ள கடமை நீங்கிவிடும். ஒருவரும் செய்யாமல் விட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. எவ்வளவு இரக்கமான ஏற்பாடு என்று முதலில் நினைத்தோம். அத்தனை பேரும் வரத் தேவையில்லை, வந்த சிலர் வராதவர்களின் பாரத்தையும் தூக்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் மற்றப் பாதி உறைத்தது. நம் ஓய்வறையில் எட்டு, ஒன்பது பேர் இருந்தோம். அவர் கேட்ட அந்தப் பிரார்த்தனையை ஒருவர் செய்திருந்தால் போதும். மற்றவர்கள் பாரம் இறங்கியிருக்கும். ஒவ்வொருவரும் மற்றவர் செய்வார் என்று இருந்துவிட்டோம். அல்லது யாரும் செய்யமாட்டார் என்று தெரிந்தே இருந்துவிட்டோம். சைவ நெறியிலும் கிறிஸ்தவத்திலும் இந்தப் பெயரில் ஒரு சட்டம் இல்லாமல் இருக்கலாம். ஒரு சாவீட்டுக்கு வீட்டுக்கு ஒருவராவது போய் நிற்க வேண்டும் என்பது மட்டக்களப்பில் எந்தச் சமயத்தவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லாத வழக்கம்.

பிந்திய பிரார்த்தனைக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். இறந்தவர்களுக்காகச் செய்யும் எல்லாப் பிரார்த்தனையும் பிந்தியதுதானே. ஆண்டுத் திவசம் பிந்தியதுதான், கல்லறைத் திருநாள் பிந்தியதுதான். பிந்திவிட்டது என்பதைக் காட்டி நாம் அவற்றை விடுவதில்லை. வரும் வைகாசியில் குளிர்த்தி பாடும்போது, எரிக்கப்பட்டவர்களையும் மஜ்மா நகரில் கிடப்பவர்களையும் ஒரு நிமிடம் நினைக்கச் சொல்லிப் பூசகரிடம் கேட்கலாம். அந்த 270 பேரின் பெயர்ப் பட்டியலை முறைப்படி எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளுக்குத் தரவையைப் பற்றிச் சொல்லும் வீடுகள் பொரளை வேலியைப் பற்றியும் காத்தான்குடிப் பள்ளிவாசல்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்லலாம். காணி இழந்த மஜ்மா நகர்க் குடும்பங்கள் கச்சேரிக்குப் போகும் நாளில் நம்மில் நாலு பேர் கூடப் போய் நிற்கலாம். இதில் எதற்கும் பெரிய காசு வேண்டாம். கூச்சம்தான் தடை. இத்தனை நாள் வராதவன் இப்போது ஏன் வருகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம். கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டியதுதான்.

கோயில் நிர்வாக சபையில் இதை எடுத்தபோது சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிலர் இது இப்போது எதற்கு என்றார்கள். ஒரு பெரியவர் மட்டும், "அவங்கட மையவாடி, அவங்களிட்டக் கேட்காமப் போகேலாது தம்பி. முதல்ல கேளுங்க" என்றார். சரியான பேச்சு. மறுநாள் ஓய்வறையில் அந்த நண்பரிடம் கேட்டோம். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, ஒரு தாளை எடுத்து, பிரதேச சபைக்கு யார் பெயரில் கடிதம் எழுதுவது, பள்ளிவாசலில் யாரிடம் சொல்வது என்று எழுதித் தந்தார். "வெள்ளிக்கிழமை வேணாம், சேர். சனி விடிய வாங்க, வெயில் ஏற முன்ன. பத்தை வளந்திருக்கு, மம்பட்டி கத்தி எடுத்துட்டு வாங்க. குடிக்கத் தண்ணியும் கொண்டு வாங்க, அங்க நிழல் இல்ல" என்றார்.

கடிதம் எழுதிக் கொடுத்தாயிற்று. யார் யார் போவது என்ற பட்டியலில் இன்னும் பெயர்கள் சேர வேண்டும்.